பின்னறையில் 35 நிமிடம்

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். சொந்த ஊர் கும்பகோணம். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை, காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு மகளுக்கு ஸ்கூல் சாக்ஸ் வாங்க ஒரு பெரிய கடைக்குள் போனேன். அவள் அளவுக்கு இல்லை. அங்கே நின்றபோது கை எரிந்தது. எங்கள் வேலையில் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது கை கழுவுவோம், தோல் வெடித்துவிடும். பையிலிருந்து கிரீமை எடுத்துக் கொஞ்சம் தடவிக்கொண்டு திரும்பப் பைக்குள் போட்டேன். ஒன்றும் வாங்காமல் வெளியே நடந்தேன்.

வாசலைத் தாண்டி இரண்டு அடி வைத்திருப்பேன். பின்னாலிருந்து ஒரு கை என் மேல்கையைப் பிடித்தது. கடைக் காவலர். "உள்ளே வா, உன் பையைப் பார்க்கணும்" என்றார். கையை விடவில்லை. அப்படியே பில் போடும் இடங்களைத் தாண்டி, எல்லோரும் பார்க்க, பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டு நின்றார்.

பையைக் கொட்டச் சொன்னார். கொட்டினேன். ஆய்ஸ்டர் கார்டு, டிபன் டப்பா, மகளுடைய இன்ஹேலர், கோயில் விபூதிப் பொட்டலம், கிரீம். விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். கிரீம் ட்யூப் பாதிக்கு மேல் காலி, அடிப்பக்கம் சுருட்டியிருந்தது. போன வாரம் வேறு கடையில் வாங்கியது என்றேன். மேலாளர் வரட்டும் என்றார். போனை எடுத்தபோது "போனை வை" என்றார். மேஜைமேல் வைத்தேன். மூன்று பத்துக்கு மகள் பள்ளி விடும். மூன்றேகாலுக்கு மேஜையில் போன் அதிர ஆரம்பித்தது. பள்ளி அலுவலக எண். எடுக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். அது அதிர்ந்து அதிர்ந்து மேஜை விளிம்புவரை நகர்ந்து போனதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நின்றது. மறுபடி அடித்தது.

மேலாளர் வந்தார், போனார், கேமராப் பதிவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தார். "தவறாகப் புரிந்துகொண்டோம், மன்னிக்கவும்" என்று 10 பவுண்டு கிஃப்ட் வவுச்சர் ஒன்றையும் ஒரு தாளையும் நீட்டினார். வழக்கமான படிவம், கையெழுத்துப் போட்டால் கிளம்பலாம் என்றார். படிக்கவில்லை. மகள் பள்ளி வாசலில் நிற்கிறாள் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போட்டுவிட்டு ஓடினேன். மொத்தம் 35 நிமிடம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் கேட்டது: "அடிச்சாங்களா?" இல்லை. "அப்புறம் என்ன, ஒண்ணும் ஆகலையே, விடு." அவர்மேல் தப்பில்லை. அவருக்கும் பயம். விசா, வேலை, போலீஸ் என்று ஏதாவது வம்பு வந்துவிடுமோ என்ற நினைப்பு. ஊரில் அம்மாவும் அதையேதான் சொன்னாள். கூட வேலை பார்ப்பவர்களும் அதையே. நானே எனக்கு அதைச் சொல்லிக்கொண்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. யாரோ மேல்கையைப் பிடித்திருப்பது போலவே இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணம், வடமராட்சிப் பக்கம். முப்பது வருடமாக இங்கே இருக்கிறார், மொழிபெயர்ப்பாளர் வேலைக்காகக் கோர்ட்டுகளுக்குப் போய் வருபவர். அவர்தான் வேறு மாதிரி பேசினார். "உங்களை ஆராவது அடிச்சவையோ எண்டு நான் கேக்கேல்லை. போகலாம் எண்டு விட்டவையோ? இல்லைத்தானே. இண்டைக்கே இருந்து எழுதி வையுங்கோ. நாளைக்கெண்டால் பாதி மறந்துபோம்."

அன்றைக்கு ராத்திரியே எழுதினேன், தமிழில்தான். எத்தனை மணிக்கு உள்ளே போனேன், எந்தக் கை, எந்தப் பக்கம் பிடித்தார், என்ன வார்த்தை, கதவு எந்தப் பக்கம் திறக்கும், போன் எத்தனை தடவை அடித்தது. போனிலேயே தவறிய அழைப்புகள் நேரத்தோடு இருந்தன: 3.16, 3.24. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். மேல்கையில் கட்டைவிரல் பதிந்த இடம் லேசாகச் சிவந்திருந்தது, அதையும் படம் எடுத்தேன். இரண்டு நாளில் அந்தத் தடம் போய்விட்டது. படம் இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லாமல் போயிருக்கும்.

மூன்றாம் நாள், அக்கா சொன்னபடி, கடையின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். என் உருவம் பதிவான சிசிடிவி காட்சிகளின் நகல் வேண்டும் என்று. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் பதிவுகளைப் பொதுவாகக் கேட்டு வாங்கும் உரிமை இங்கே உண்டு. கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். தேதி, நேரம், எந்த வாசல், என்ன உடை என்று தெளிவாக எழுத வேண்டும். நிறைய இடங்களில் பதிவுகளை முப்பது நாள்வாக்கில் அழித்துவிடுகிறார்கள். இதில் தாமதம் செய்தால் அப்புறம் எவ்வளவு நல்ல வக்கீல் கிடைத்தும் பிரயோஜனமில்லை.

பிறகு ஒரு சட்ட உதவி மையத்தில் அரை மணி நேரம் இலவச ஆலோசனை கிடைத்தது. அங்கிருந்த வக்கீலம்மா சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நடந்ததற்குப் பெயர் உண்டு என்றே தெரிந்தது. ஆங்கிலேயச் சட்டத்தில் டார்ட் என்று ஒரு பெரிய பிரிவு. ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் தீங்குக்கு, சிவில் கோர்ட்டில் ஈடு கேட்கும் சட்டம். அதில் உடலின்மேல் வேண்டுமென்றே செய்யும் அத்துமீறல்கள் மூன்று: அசால்ட், பேட்டரி, ஃபால்ஸ் இம்ப்ரிசன்மென்ட். பெயர்கள்தான் அந்நியம். யோசித்துப் பார்த்தால் நம்மிடம் மூன்றுக்கும் பேச்சு இருக்கிறது. கை ஓங்குவது, மேலே கை வைப்பது, அடைத்து வைப்பது. "என் மேல கை வச்சுட்டான்" என்று நம்மூரில் யாராவது சொன்னால், காயம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. வைத்ததே குற்றம்தான்.

சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. கோபத்தோடு இன்னொருவரை லேசாகத் தொட்டாலும் அது பேட்டரி என்று தலைமை நீதிபதி ஹோல்ட் 1704இலேயே சொல்லியிருக்கிறார். அடி விழாவிட்டாலும், விழப்போகிறது என்று எதிராளி நியாயமாக நினைத்தால் அசால்ட். 1830இல் ஸ்டீஃபன்ஸ் – மையர்ஸ் என்று ஒரு வழக்கு. ஊர்ச் சபைக் கூட்டத்தில் ஒருவர் முஷ்டியை மடக்கிக்கொண்டு தலைவரை நோக்கி வந்தார், கிட்டே போகும் முன் பக்கத்தில் இருந்தவர் தடுத்துவிட்டார். அடி படவே இல்லை. ஆனாலும் தலைவர்தான் ஜெயித்தார்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. இந்த மூன்றிலும் நஷ்டம் ஏற்பட்டதென்று நிரூபிக்க வேண்டியதில்லை. எலும்பு முறிய வேண்டாம், மருத்துவச் செலவு வேண்டாம். அத்துமீறியதே வழக்குக்குப் போதும். "ஒண்ணும் ஆகலையே" என்ற பதில் இங்கே செல்லாது.

"வேண்டுமென்றே" என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தீங்கு செய்யும் நோக்கம் தேவையில்லை. பிடித்ததும் அடைத்ததும் தெரிந்து செய்த செயலாக இருந்தால் போதும். நல்லெண்ணத்தில்தான் செய்தோம் என்பது பதிலாகாது. எவான்ஸ் என்ற பெண்ணைச் சிறையில் 59 நாள் கூடுதலாக வைத்துவிட்டார்கள். விடுதலைத் தேதியைச் சிறையின் தலைமை அதிகாரி, அன்றைக்குக் கோர்ட்டுகள் சொல்லியிருந்த விதிப்படிதான் கணக்குப் போட்டார். அந்த விதியே தவறு என்று பிறகு கோர்ட் மாற்றியது. அந்த அதிகாரிமேல் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஃபால்ஸ் இம்ப்ரிசன்மென்ட்தான் என்று 2000இல், அப்போது நாட்டின் உச்ச கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபை உறுதி செய்தது. கிடைத்த ஈடு 5,000 பவுண்டு.

என் வேலையிலேயே இது தினமும் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. காலையில் ஒரு பாட்டியைக் குளிப்பாட்ட வேண்டுமென்றால் முதலில் கேட்போம்: "கையைத் தூக்கட்டுமா?" கட்டில் ஓரத்தில் தடுப்புக் கம்பி ஏற்றுவதற்குக்கூட எழுத்தில் மதிப்பீடு வேண்டும். பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது மரியாதைக்காக என்று நினைத்திருந்தேன். கேட்காமல் தொட்டால் அது அத்துமீறல், அதனால்தான் அத்தனை பயிற்சி. கூட்டத்தில் இடிபடுவது, தோளைத் தட்டிக் கூப்பிடுவது இதெல்லாம் அன்றாட வாழ்க்கை என்று சட்டம் விட்டுவிடுகிறது. 1984இல் காலின்ஸ் – வில்காக் வழக்கில் இதைத்தான் விளக்கினார்கள். நடந்து போன ஒரு பெண்ணைக் கைது செய்யாமல், நிறுத்துவதற்காகப் பெண் போலீஸ் கையைப் பிடித்தார். கவனத்தைத் திருப்பத் தொடுவது வேறு, போகவிடாமல் பிடிப்பது வேறு, இரண்டாவது பேட்டரி என்றது கோர்ட். போலீஸுக்கே அப்படியென்றால் கடைக் காவலருக்கு?

கடையிலிருந்து முதல் பதில் வந்தது. இரண்டே வாதம். காவலர் நியாயமான சந்தேகத்தின் பேரில் நடந்துகொண்டார். அப்புறம், நான் விரும்பித்தான் உள்ளே வந்தேன். இரண்டாவதற்கு ஆதாரம் நான் கையெழுத்துப் போட்ட தாள். "என் சொந்த விருப்பத்தின் பேரில் அலுவலகத்துக்கு வந்தேன், ஒத்துழைத்தேன்" என்று அதில் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்த அன்று அழுதேன். வக்கீலம்மாவும் கொஞ்ச நேரம் பேசவில்லை. விருப்பத்தோடு போயிருந்தால் அடைத்து வைத்ததாகவே ஆகாது.

காப்பாற்றியது சிசிடிவிதான். 27ஆம் நாள் இரண்டு துண்டு வந்தது, மற்றவர்கள் முகங்களை மங்கலாக்கியிருந்தார்கள். வாசல் காட்சி 11 விநாடி. அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. நான் நடக்கிறேன், கை வருகிறது, என் உடம்பு ஒரு பக்கமாகச் சுழல்கிறது, பை தோளிலிருந்து நழுவுகிறது. என் கால்கள் நான் போக நினைத்த பக்கமே இன்னும் திரும்பியிருக்கின்றன. விரும்பி வந்தவள் நடை அப்படி இருக்காது. வெளியே விடுவதற்கு விலையாக வாங்கிய கையெழுத்து, உள்ளே போனபோது சம்மதம் இருந்ததைக் காட்டாது என்று பதில் எழுதினோம்.

1919இல் தீர்ப்பான மீரிங் வழக்கும் கைகொடுத்தது. ஒரு விமானத் தொழிற்சாலையில் திருட்டு விசாரணை. ஒரு தொழிலாளியைக் காத்திருப்பு அறையில் உட்கார வைத்தார்கள், வெளியே காவலர்கள் நின்றார்கள். தன்னை வெளியே விடமாட்டார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. அதுவும் அடைத்து வைத்ததுதான் என்றது கோர்ட். அப்படியானால் கதவில் ஆள் சாய்ந்து நின்றதைக் கண்ணால் பார்த்த எனக்கு?

ஆனால் வழியை மறித்தாலே எல்லாம் இதில் அடங்கிவிடாது. ஹாமர்ஸ்மித் பாலத்தில் படகுப் போட்டி பார்க்க ஒரு பகுதியை அடைத்திருந்தார்கள். அந்த வழியாகத்தான் போவேன் என்று ஒருவர் வேலி தாண்டினார், தடுத்தார்கள். வந்த வழியே திரும்பிப் போகலாமே, இது சிறையல்ல என்று 1845இல் பேர்ட் – ஜோன்ஸ் வழக்கில் தீர்ப்பு. எல்லாப் பக்கமும் அடைபட்டிருக்க வேண்டும். என் அறைக்கு ஒரே கதவு.

அடுத்தது, நியாயமான சந்தேகம். இது எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. கேமராவில் பார்த்தால் நான் எதையோ பைக்குள் போடுவது தெரியும், சந்தேகம் வந்ததில் அர்த்தம் இருக்கிறது. பொதுமக்கள் யாரும் ஒருவரைக் கைது செய்ய 1984 போலீஸ் மற்றும் குற்றச் சான்றுச் சட்டத்தின் 24ஏ பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் போலீஸுக்கு இருக்கும் சலுகை நமக்குக் கிடையாது. குற்றம் நடந்து முடிந்தது என்று சொல்லிப் பிடித்தால், அந்தக் குற்றம் நிஜமாகவே நடந்திருக்க வேண்டும். இது 1914இல் வால்டர்ஸ் வழக்கிலேயே முடிவான விஷயம். 1992இல் ஒரு சாக்லேட் திருட்டு வழக்கில் செல்ஃப் என்பவரைத் திருட்டிலிருந்து விடுவித்ததும், பிடித்தவர்களுக்குக் கைது செய்யும் அதிகாரமே இல்லாமல் போயிற்று. நடந்துகொண்டிருக்கும் குற்றம் என்றால் நியாயமான சந்தேகம் போதும். அவர்கள் வக்கீல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் வாதாடினார். நாங்கள் திருப்பிக் கேட்டது: சரி, சந்தேகம் இருந்ததாகவே வையுங்கள். சுருட்டிய, பாதி காலியான ட்யூப் மேஜைக்கு வந்த பிறகுமா? பிடித்தால் போலீஸைக் கூப்பிட வேண்டும், 35 நிமிடத்தில் யாராவது போன் செய்தீர்களா? போலீஸ் வந்து பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்றால்தான் அந்தப் பிரிவே உங்களுக்கு உதவும்.

அடைத்து வைத்தது நிரூபணமானால், அது சட்டப்படி சரி என்று காட்ட வேண்டியது அடைத்தவர் பொறுப்பு. இதைத் தெரிந்துகொண்டதும் கடிதம் எழுதும் தைரியம் தானாக வந்தது.

யார்மேல் வழக்கு என்பதிலும் குழப்பம் வந்தது. காவலர் எங்கள் ஊழியர் இல்லை, ஒப்பந்த நிறுவனத்தவர் என்றது கடை. இரண்டு பேருக்கும் கடிதம் அனுப்பினோம். ஊழியர் வேலையோடு நெருங்கிய தொடர்புள்ள விதத்தில் செய்யும் அத்துமீறலுக்கு முதலாளியும் பொறுப்பு. பெட்ரோல் நிலையத்தில் வாடிக்கையாளரை ஊழியர் அடித்த மொஹமுத் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. ஒப்பந்தக் காவலர்கள் உரிமம் பெற்றிருக்க வேண்டும், அட்டையை வெளியே தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். அதில் 16 இலக்க எண் இருக்கும். நான் அதைக் கவனிக்கவில்லை. நீங்கள் கவனியுங்கள்.

காவலர்மேல் தனியாக வழக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. மணிக்கணக்குக் கூலிக்கு நிற்கும் ஆள், என்னைப் போலவே வெளியிலிருந்து வந்தவர். பொறுப்பு அவரை அங்கே நிறுத்தியவர்களுடையது.

முதலில் 150 பவுண்டு தருகிறோம் என்றார்கள். மறுத்தோம். ஈட்டுத் தொகைக்கு 1997இல் தீர்ப்பான தாம்சன் வழக்கு ஒரு வழிகாட்டி: தவறான அடைப்பின் முதல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 500 பவுண்டு, 24 மணி நேரத்துக்குச் சுமார் 3,000. அது போலீஸ் வழக்கு, அன்றைய விலைவாசி. பணவீக்கத்தைச் சேர்க்க வேண்டும். பொது இடத்தில் நடந்த அவமானம், போன் எடுக்க விடாதது இவை தனி. 3,000 பவுண்டுக்குள் கேட்டு, சிவில் வழக்குகளைப் பார்க்கும் கவுண்டி கோர்ட்டில் என்1 என்ற வழக்குப் படிவம் போட்டேன். நான் போட்டபோது கட்டணம் 115 பவுண்டு. வருமானம் குறைவானவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. சின்ன வழக்குகளில் ஜெயித்தாலும் வக்கீல் செலவு பெரும்பாலும் திரும்ப வராது. அதனால் படிவம், கடிதம் எல்லாம் நானே எழுதினேன், வக்கீலம்மா படித்துத் திருத்திக் கொடுத்தார்.

படிவம் போன ஆறாவது வாரம் சமரசத்துக்கு வந்தார்கள். 1,900 பவுண்டு, எழுத்தில் மன்னிப்பு. அன்றைக்கு அந்த அறையில் என்னைப் புகைப்படமும் எடுத்திருந்தார்கள், அதை அழித்ததற்கு உறுதி. நடந்ததைப் பேசக்கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள், அதை ஒப்புக்கொள்ளவில்லை. கடைப் பெயரைச் சொல்ல மாட்டேன் என்பதற்கு மட்டும் கையெழுத்துப் போட்டேன், இந்தத் தடவை மூன்று முறை படித்துவிட்டு. மன்னிப்புக் கடிதத்தை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அன்றைக்குப் பள்ளி வாசலில் நாற்பது நிமிடம் நின்றவள் அவள். கணவர் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு பாஸ்போர்ட்டுகளோடு வைத்தார்.

கெடுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நிறையப் பேர் கோட்டை விடுவது அங்கேதான். அடைத்து வைத்ததற்கு வழக்குப் போட ஆறு வருடம். உடம்பிலோ மனத்திலோ காயம் பட்டு அதற்கு ஈடு கேட்டால் மூன்று வருடம், வேண்டுமென்றே செய்த தாக்குதலுக்கும் அதுதான் என்று 2008இல் பிரபுக்கள் சபை தீர்த்துவிட்டது. கோர்ட் மனம் வைத்தால் நீட்டிக்கலாம். நிறத்தையோ இனத்தையோ பார்த்துத்தான் நிறுத்தினார்கள் என்று 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ் கேட்பதானால் ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. எனக்கு அந்தச் சந்தேகம் இருந்தது, ஆனால் அது தெரியவந்தபோது தேதி தாண்டிவிட்டது.

போன வாரம் எங்கள் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கேரளத்துப் பிள்ளை, ஓய்வறையில் சொன்னாள். ஒரு கடையில் அவளையும் நிறுத்திப் பையைச் சோதித்து, இருபது நிமிடம் உள்ளே வைத்திருந்தார்களாம். நடந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. "ஒண்ணும் ஆகலை சேச்சி" என்றாள். சிசிடிவி அநேகமாகப் போயிருக்கும், கேட்டுப் பார்ப்போம். ஆனால் அன்றைக்கு வெளியே வந்ததும் தன் சொந்த அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அழுதுகொண்டே குரல்பதிவு அனுப்பியிருக்கிறாள், தேதி நேரத்தோடு அது அப்படியே இருக்கிறது. ஆறு மாதம் முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் சாப்பாடு, அப்புறம் அவள் மலையாளத்தில் சொல்லச் சொல்ல எழுத உட்காரப்போகிறோம்.